தொபுக்கடி அம்மையாருக்கு விருது

நிகழ்கலை நெறிப்படுத்தும் பேரவையிலிருந்து வந்த கடிதம் இப்படித் தொடங்கியது: "தங்களுக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்குவதெனப் பேரவை முடிவு செய்திருப்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். ஆகவே இவ்விருதுக்குத் தாங்கள் உடனடியாக விண்ணப்பிக்கவும்."

தையல் இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்த தங்கை, வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்து வைத்துவிட்டு இன்னொரு முறை படித்தாள்.

"குடுத்துட்டோம்னு சொல்றாங்களா, கேட்டு வாங்கிக்கோன்னு சொல்றாங்களா?"

"ரெண்டையும்தான் சொல்றாங்க. பெரிய இடம்னா அப்படித்தான் இருக்கும்" என்றாள் தொபுக்கடி.

தொபுக்கடி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல. பத்தொன்பது வயதில் ஒரு நாடகக் குழுவில் உடைகளுக்கு இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு நாள் தோழி வேஷம் போடுகிறவளுக்குக் காய்ச்சல். மகாராஜா செத்துக் கிடப்பார், விளக்கைக் கொண்டுபோய்த் தலைமாட்டில் வைத்துவிட்டு வந்துவிடு, வசனம் ஒன்றும் கிடையாது என்று சொல்லி அவளை மேடைக்குள் தள்ளிவிட்டார்கள். போனவள் மகாராஜாவின் கால் தடுக்கி, தொபுக்கடீரென்று அவர் வயிற்றின் மேலேயே விழுந்தாள். செத்துப்போன மகாராஜா "ஐயோ அம்மா" என்று எழுந்து உட்கார்ந்தார். அதுவரை கதறி அழுதுகொண்டிருந்த மகாராணிக்கு மேற்கொண்டு அழுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. அரங்கம் அடங்க ஐந்து நிமிஷம் ஆயிற்று. திரை இறங்கியதும் நாடக முதலாளி அவளை வாய்க்கு வந்தபடி திட்டினார். திட்டி முடித்து மூச்சு வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் இதே மாதிரி விழு" என்றார்.

முப்பத்தெட்டு வருஷமாக விழுந்துகொண்டிருக்கிறாள். நாற்காலியிலிருந்து, ஏணியிலிருந்து, மாப்பிள்ளையின் மடியிலிருந்து. தொலைக்காட்சியில் பதின்மூன்று வருஷம் ஓடிய தொடர் ஒன்றில் மாடி வீட்டு அம்மாவாக வாராவாரம் ஏதாவது புகார் சொல்ல இறங்கி வருவாள். கடைசிப் படி வரைக்கும் வீறாப்பாக வருவாள், அதற்கப்புறம் நாடே காத்திருக்கும். தெருவில் போனால் "ஒரு தடவை விழுந்து காட்டுங்கக்கா" என்று கேட்பார்கள். ஆனால் இத்தனை வருஷத்தில் அவளைக் கலைஞர் என்று ஒருவரும் சொன்னதில்லை. அந்தக் கடிதம் சொல்லியிருந்தது. "கலைஞர் அவர்களுக்கு" என்ற அந்த ஒரு சொல்லை அவள் எத்தனை முறை பார்த்தாள் என்பது தங்கைக்குத் தெரியும். தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது பக்கத்தில் இன்னொன்று இருந்தது. விருது பெறுபவர் பேரவையின் சிற்றரங்கத்தைப் பத்து நாட்கள் பயன்படுத்தலாம். தொபுக்கடி நான்கு வருஷமாக ஒரு நாடகம் எழுதி வைத்திருந்தாள். ஒரு புகார் அலுவலகத்தில் நாள் முழுக்கக் காத்திருக்கும் ஒருத்தியின் கதை. அதுவரை அடுத்தவர் கதைக்குள் போய் விழுந்தவளுக்கு இதில் கதையே தன்னுடையது. அதைப் போட அந்த ஊரில் உருப்படியான மேடை அந்தச் சிற்றரங்கம் ஒன்றுதான். நூற்றிருபது இருக்கைகள், ஒலிபெருக்கியே வேண்டாம், கடைசி வரிசைக்குப் பெருமூச்சுகூடக் கேட்கும். நடிகர்கள் ஏறினால் பலகை தேய்கிறது என்பதால் பேரவை அதைப் பெரும்பாலும் பூட்டியே வைத்திருந்தது.

"அரங்கத்துக்காகத்தான் போறேன்" என்றாள் தொபுக்கடி.

"நான் ஒண்ணும் கேக்கலையே" என்றாள் தங்கை.

பேரவைக் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் நான்காம் எண் சாளரம். அதற்குப் பின்னால் இருந்த எழுத்தர் தலையை நிமிர்த்திப் பார்த்ததும், "அட, மாடி வீட்டு அம்மா!" என்று வாய்விட்டுச் சிரித்தார். உடனே திரும்பி, பின்னால் யாராவது பார்த்தார்களா என்று பார்த்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"எந்தப் பிரிவு?"

"காமெடிங்க."

"அப்படி ஒரு பிரிவு இல்லீங்களே. சோக நாடகம் இருக்கு, சரித்திர நாடகம் இருக்கு, நீதி நாடகம் இருக்கு. அழுவீங்களா?"

"அழத் தெரியாதுங்க. நான் அழுதாலும் சிரிக்கறாங்க."

எழுத்தர் பட்டியலின் அடிவரைக்கும் விரலை ஓட்டினார். "'இதர'ன்னு ஒண்ணு இருக்கு. மாயவித்தை, பலகுரல், பழக்கப்படுத்தப்பட்ட பிராணிகள். அதுல போட்டுடறேன். ஆனா அந்தப் பிரிவுக்குக் கால்நடை மருத்துவர் சான்று வேணும்."

"யாருக்கு?"

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி நிதானமாகப் படித்தார். "விண்ணப்பதாரருக்குன்னுதான் போட்டிருக்கு. பிராணின்னு தனியா எழுதல. எதுக்கும் வாங்கிட்டு வந்துடுங்க. இல்லேன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். பதின்மூன்று வருஷமும் தொடர் பார்த்தவர். அவளை மேஜைமேல் ஏறச் சொல்லவில்லை, பக்கத்து நாற்காலியிலேயே உட்காரச் சொன்னார். "பொதுவாக ஆரோக்கியமாக உள்ளது. கடிக்கும் சுபாவம் இல்லை" என்று எழுதி முத்திரை போட்டுக் கொடுத்தார்.

"'உள்ளது'ன்னு எழுதியிருக்காரே" என்றாள் தங்கை.

"படிவத்துல அப்படித்தான் அச்சடிச்சிருக்கு."

"கடிக்காதுன்னு எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"கேட்டாரு. இல்லைன்னேன்."

சான்று ஏற்கப்பட்டது. தொடரின் பதிவுகள் ஏற்கப்படவில்லை. பேரவை எழுதியது: "தாங்கள் அனுப்பிய காட்சிகளில் கேட்கும் சிரிப்பொலி பிற்பாடு சேர்க்கப்பட்டது என்று தெரியவருகிறது. அந்தச் சிரிப்புக்கு உரியவர்கள் விண்ணப்பித்தால் அது தனியே பரிசீலிக்கப்படும். தாங்கள், தங்கள் கலையால் நேரடியாகச் சிரித்த மூன்று நபர்களின் உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரி முன்னிலையில் பெற்று இணைக்கவும்."

முடி திருத்தும் கடைக்காரர், மருந்துக் கடைக்காரர், மேல் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர் ஆகிய மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு தொபுக்கடி நோட்டரியின் அறைக்குப் போனாள். நோட்டரி கறாரான ஆள். பத்திரத்தைப் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"'என் முன்னிலையில் சிரித்தார்'னு இருக்கு. என் முன்னாடி சிரிச்சாத்தான் நான் கையெழுத்துப் போட முடியும். போன வருஷம் சிரிச்சதுக்கெல்லாம் நான் சாட்சி இல்ல."

மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். முடி திருத்துபவர் "ஹி" என்றார். மருந்துக் கடைக்காரர் பல்லைக் காட்டினார், ஆனால் சத்தம் வரவில்லை. டீச்சர் பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி கையைப் பிசைந்துகொண்டு, "வீட்டுல நல்லா வருது சார், இங்க வரமாட்டேங்குது" என்றார்.

உதவலாம் என்று தொபுக்கடி எழுந்தாள். நோட்டரி விரலை நீட்டினார். "நீங்க ஒண்ணும் பண்ணக் கூடாது. அது தூண்டுதல்ல சேந்துடும். உக்காருங்க."

அவள் கீழ்ப்படிந்து உட்கார்ந்தாள். அது சக்கரம் வைத்த நாற்காலி. உட்கார்ந்த வேகத்தில் அது பின்னால் ஓடியது. தொபுக்கடி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அறையின் குறுக்கே மரியாதையாகப் பின்னோக்கிப் போய் அலமாரியில் முட்டினாள். அலமாரி மேலிருந்த கோப்பு ஒன்று விழுந்தது. அவள் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் இருக்கா?" என்று அலமாரியைக் கேட்டாள். அது இன்னொன்றைப் போட்டது.

டீச்சர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மருந்துக் கடைக்காரருக்கு இருமல் வந்துவிட்டது. நோட்டரிக்குக் கை நடுங்கியதில் முத்திரை மூன்றும் தலைகீழாக விழுந்தன. சிரிப்பின் தன்மை என்ற கட்டத்தில் அவர் "தன்னிச்சையானது" என்று எழுதினார்.

அடுத்தது தேர்வுக் குழு. பேரவைத் தலைவர்தான் அதற்கும் தலைவர். அவர் முன்பு பாலங்கள் துறையில் இருந்தவர். பாலங்களையும் கலைகளையும் ஒரே கண்ணால் பார்ப்பவர். திறப்பு விழாவுக்குப் பிறகு இரண்டிலும் ஆட்கள் அதிகம் நடமாடக் கூடாது என்பது அவர் கொள்கை. அவருக்கு வலப்பக்கம் 'நகைச்சுவையின் கட்டமைப்பு' பற்றி ஆராய்ச்சி செய்த பேராசிரியர். இடப்பக்கம் சோகப் பேரொளி. சோகப் பேரொளி என்பது பேரவை கொடுத்த பட்டம். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அந்த மகாராணியாக அழுதுகொண்டிருந்தவர் அவர்தான்.

"தொ... புக்..." என்று கோப்பைப் பார்த்துப் படித்த தலைவர், மீதியைப் படிப்பது பதவிக்கு அழகில்லை என்று நினைத்து நிறுத்திக்கொண்டார். "அம்மையார் தன் கலையை நிகழ்த்தலாம். குழுவுக்கு ஒரு நினைவூட்டல். நாம நடுநிலையா இருக்கணும். சிரிக்கறது சார்புநிலை. சிரிச்சவங்க வாக்கு செல்லாது."

தொபுக்கடி பதினைந்து நிமிஷம் நடித்துக் காட்டினாள். கதவு திறக்காத பெண், பெரிய மனிதர் வீட்டு விருந்தில் நாற்காலி கிடைக்காத பெண், தூங்குகிற கணவனின் கைக்கு அடியிலிருந்து போர்வையை உருவுகிற பெண். பேராசிரியர் குறிப்பெடுத்தார். தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேரொளி மேஜைக்கு அடியில் தன் தொடையைத் தானே கிள்ளிக்கொண்டிருந்தார். கதவுக்கு வெளியே தண்ணீர்த் தட்டோடு நின்ற கடைநிலை ஊழியப் பெண் மட்டும் களுக்கென்று சிரித்தாள். அவளுக்கு அன்று மாலையே விளக்கம் கேட்டு ஓலை போயிற்று.

முடிந்ததும் பெண்கள் கழிவறையில் பேரொளியைப் பார்த்தாள் தொபுக்கடி. குழாயைத் திறந்துவிட்டு, நனைத்த கைக்குட்டையை முகத்தில் அழுத்தி, தோள் குலுங்க நின்றுகொண்டிருந்தார்.

"அழறீங்களா?"

"போடி. அந்தப் போர்வைய உருவினியே... விலா வலிக்குது எனக்கு."

"அப்ப உள்ள ஏன் கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க?"

பேரொளி குழாயை மூடினார். கண்ணாடியில் முகத்தைச் சரிசெய்து, வாயின் இரண்டு ஓரத்தையும் விரலால் கீழே இழுத்து, பேரொளியானார்.

"சிரிச்சா குழுவிலேருந்து எடுத்துடுவாங்க. பதினாறு வருஷமா என்னை யாரும் அழறதுக்குக்கூடக் கூப்பிடலடி. மாசத்துக்கு ஒரு நாள் கார் அனுப்பி இங்கதான் கூப்பிடறாங்க. அதையும் விடச் சொல்றியா?"

தொபுக்கடி அந்த ஈரக் கைக்குட்டையை வாங்கிப் பிழிந்து கொடுத்தாள்.

குழுவின் அறிக்கை ஒரே வாரத்தில் வந்தது. "விண்ணப்பதாரர் நிகழ்த்திய பதினைந்து நிமிடங்களில் குழுவினர் எவரும் சிரிக்கவில்லை. ஆகவே நகைச்சுவை நிறுவப்படவில்லை. மதிப்பெண் நூற்றுக்கு நாற்பத்தொன்று. எனினும் முக்கிய விருந்தினர் தேதி கொடுத்து, அழைப்பிதழும் அச்சாகிவிட்டபடியால், விருதை நிறுத்த இயலாது. விண்ணப்பதாரர் மூன்று நாள் பயிற்சி பெற்றுத் தன் குறைகளைக் களைந்துகொள்ள வேண்டும்."

"கிழிச்சுப் போடு" என்றாள் தங்கை.

"அரங்கம் வேணுமே."

"அரங்கம் மட்டுமா வேணும் உனக்கு?"

தொபுக்கடி பயிற்சிக்கான பையை எடுத்து வைத்தாள்.

பயிற்சி கொடுத்தவர் அந்தப் பேராசிரியர்தான். மாணவி ஒருத்தி, வகுப்பறை பெரியது. சுவரில் படங்கள் காட்டினார்.

"விழுதல்ங்கறது ஏழு நிலைகள் கொண்டது. இருத்தல், இடறல், உணர்தல், மறுத்தல், சாய்தல், சேர்தல், நிலைத்தல். நீங்க இத்தனை வருஷமா இரண்டாவதுலேருந்து ஆறாவதுக்குத் தாவறீங்க. நடுவுல நாலு நிலை நஷ்டம்."

"மூணுதானங்க?" என்றாள் தொபுக்கடி விரல் விட்டு எண்ணி.

"குறுக்கிடாதீங்க. மக்கள் சிரிக்கறாங்கன்னு சொல்வீங்க. மக்கள் எதுக்கு வேணும்னாலும் சிரிப்பாங்க. நான் இருபத்திரண்டு வருஷமா நகைச்சுவை ஆராய்ச்சி பண்றேன், ஒரு தடவைகூடச் சிரிச்சதில்ல. அதனாலதான் என்னால அதைத் தெளிவாப் பார்க்க முடியுது. எங்க வீட்டுலயும் யாரும் சிரிக்க மாட்டாங்க. அந்த அளவுக்குச் சூழலைக் காப்பாத்தி வச்சிருக்கேன்."

மூன்று நாளும் அவள் எண்ணி எண்ணி விழுந்தாள். கடைசி நாள் அவர் "பரவாயில்லை, இப்போ எனக்கு ஒண்ணுமே தோணல" என்று பாராட்டி ஐம்பத்தெட்டு போட்டார்.

மறு வாரம் ஒரு புதுத் தொடரில் அவளுக்கு ஒரு நாள் வேலை. சமையலறைக் காட்சி. கையில் பாத்திர அடுக்கோடு வந்து ஈரத் தரையில் வழுக்க வேண்டும். தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்வாள். வந்தாள், இடறினாள். 'உணர்தல்' என்று மண்டைக்குள் ஒரு குரல் கேட்டது. 'மறுத்தல்' என்பதற்குள் பாத்திரங்கள் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டன. இடுப்பு அடிபட விழுந்தாள். விளக்குப் பிடிக்கிறவர், ஒப்பனைக்காரி, காமிராக்காரர் யாரும் சிரிக்கவில்லை. யாரோ "பாத்துக்கா" என்றார்கள்.

அவள் விழுந்து யாரும் அப்படிச் சொன்னதே இல்லை.

ஆறு முறை எடுத்தார்கள். ஆறாவது முறையும் பார்த்துவிட்டு, இயக்குநர் ரொம்ப மரியாதையாகச் சொன்னார்: "போதும்கா, விடுங்க. சிரிப்ப நாங்க பின்னாடி சேத்துக்கறோம்."

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். தங்கை இடுப்புக்கு ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எழுந்திரு. என் முன்னாடி ஒரு தடவை விழு பாக்கலாம். கட்டில் மேலதான், அடி படாது" என்றாள்.

தொபுக்கடி எழுந்து கட்டிலுக்கு எதிரே நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள்.

"என்னாச்சு?"

"எந்தக் கால முதல்ல தூக்குவேன் நான்?"

தங்கை யோசித்துப் பார்த்தாள். ஆயிரம் முறை மேடை ஓரத்தில் நின்று பார்த்தவள்தான். அவளுக்கும் தெரியவில்லை.

"ஒருவேளை நான் எப்பவுமே அவ்வளவுதானோ என்னவோ" என்றாள் தொபுக்கடி. "அவங்க சிரிச்சதெல்லாம், பாவம், விழுந்துட்டாளேன்னு சிரிச்சதா இருக்கும்."

தங்கை பேரவையை ஒரு நீளமான கெட்ட வார்த்தையால் திட்டினாள். அக்கா அதற்கும் சிரிக்கவில்லை.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது ஏற்புரை வந்தது. விருது பெறுபவர் என்ன பேச வேண்டும் என்பதைத் தலைவரே தம் கைப்பட எழுதியிருந்தார், பதினொரு பக்கம். கூடவே ஓர் ஒப்பந்தம்: "இவ்வுரையில் உள்ள ஓர் எழுத்தையும் கூட்டாமல் குறைக்காமல் படிப்பேன்." தொபுக்கடி கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். சண்டை போடும் தெம்பு அவளிடம் இல்லை. இனிமேல் விழவே வேண்டாம், அந்த அரங்கத்தை வாங்கி அந்த ஒரு நாடகத்தைப் போட்டுவிட்டு வீட்டோடு இருந்துவிடலாம் என்று இருந்தாள்.

விழா நகரத்தின் பெரிய மண்டபத்தில் நடந்தது. எண்ணூறு பேர். பாதிப் பேர் பேரவை ஊழியர்கள். வராவிட்டால் விடுப்பில் கழிப்போம் என்று சுற்றறிக்கை போயிருந்தது. மீதிப் பேர் மாடி வீட்டு அம்மாவைப் பார்க்க வந்தவர்கள். தலைவர் நாற்பது நிமிஷம் தலைமையுரை ஆற்றினார். "கலைஞர்கள் இல்லாமல் இந்தப் பேரவை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். நான் பொறுப்பேற்ற இந்த ஒன்பது ஆண்டுகளில் அது தவறு என்று நிரூபித்திருக்கிறோம்" என்றார். ஊழியர்கள் கைதட்டினார்கள். பிறகு கேடயம் கொடுக்கப்பட்டது. தொபுக்கடி ஒலிபெருக்கிக்கு முன் வந்து, மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் பக்கத்தைப் படித்தாள்.

"இவ்விருதைப் பெறும் நான், இவ்விருதுக்குத் தகுதியற்றவள் என்பதைத் தேர்வுக் குழு தீர ஆராய்ந்து கண்டறிந்துள்ளது. எனினும் அழைப்பிதழ் அச்சாகிவிட்டபடியால், பெருந்தன்மையோடு எனக்கு இதை வழங்கியுள்ளது. அடைப்புக்குறி. இங்கே கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தவும். அடைப்புக்குறி."

ஒப்பந்தத்தை மீறிவிடக் கூடாதே என்ற பயத்தில்தான் அதையும் படித்தாள். படித்துவிட்டு, எழுதியிருந்தபடியே, நிறுத்தினாள். நிமிர்ந்து பார்த்தாள்.

பின்வரிசையில் ஓர் ஆள் சிரித்தான். அது ஒருத்தனோடு நிற்கவில்லை. வரிசை வரிசையாக முன்னால் வந்தது.

தொபுக்கடிக்கு அந்தச் சத்தம் தெரியும். பாவப்பட்டுச் சிரிக்கிற சிரிப்பு வேறு. இது மூன்று வாரமாகக் காதில் விழாதது. அவளுடைய முதுகு தானாக நிமிர்ந்தது. அடுத்த வரிக்கு எப்போது போக வேண்டும் என்பது யோசிக்காமலே தெரிந்தது. சிரிப்பு அடங்கத் தொடங்கி, இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும்போது ஆரம்பித்தாள்.

"நான் இதுநாள்வரை விழுந்தவை யாவும் முறையற்ற விழுதல்களே. தலைவர் அவர்களோ விழுதலைப் பற்றி ஆழ்ந்த அனுபவம் உள்ளவர். அவர் பாலங்கள் துறையில் இருந்தவரை ஒரு பாலம்கூட விழுந்ததில்லை." பக்கத்தைத் திருப்பினாள். நிதானமாகத் திருப்பினாள். "விழுந்த மூன்றும், அவர் மாற்றலாகிப் போன பிறகே விழுந்தன."

மண்டபம் ஆடிப்போயிற்று. முக்கிய விருந்தினர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவர் சிரித்ததும் நடுநிலை விதி தளர்ந்து, மேடையில் இருந்த அதிகாரிகளும் சிரித்தார்கள். கடைநிலை ஊழியப் பெண் கதவோரம் தைரியமாகச் சிரித்தாள். சோகப் பேரொளி முகத்தை மறைக்கவில்லை, வாய்விட்டு, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். தலைவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தம்முடைய எழுத்துக்கு இவ்வளவு வரவேற்பு இருக்கும் என்று அவரே எதிர்பார்க்கவில்லை. ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார். பேராசிரியர் மட்டும், கூட்டம் எந்த நிலையில் சிரிக்கிறது என்று புரியாமல், பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அவள் ஓர் எழுத்தையும் மாற்றவில்லை. விழவும் இல்லை.

திரும்பும் வழியில் தங்கை கேட்டாள்: "வேணும்னேதான பண்ணின?"

"மொதல்ல இல்ல. ரெண்டாவது பக்கத்துலேருந்து வேணும்னேதான்."

வீட்டுக்குள் நுழைந்ததும் தொபுக்கடி கேடயத்தைத் தங்கை கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். பிறகு ஒரு அறிவிப்பும் இல்லாமல், சாப்பாட்டு மேஜையிலிருந்து கட்டில் வரை இருக்கிற அத்தனை சாமானையும் பிடிக்கப் பார்த்து, ஒன்றையும் பிடிக்க முடியாமல், தொபுக்கடீரென்று விழுந்தாள். தங்கை கேடயத்தைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள்.

அரங்கம் கிடைத்தது. பேரவை சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. பத்து நாட்கள், சாவி உட்பட. ஆனால் அதில் நிகழ்த்தப்படும் பிரதி எதுவானாலும் பிரதி ஒப்புதல் துணைக்குழுவின் அனுமதி பெற்றிருக்க வேண்டும். துணைக்குழு மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூடும். போன வாரம்தான் கூடிக் கலைந்திருந்தது.

நான்காம் எண் சாளரத்தில் அதே எழுத்தர் இருந்தார். "உங்க நாடகம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். ஆனா அரங்கம் அதுக்குள்ள காலாவதி ஆயிடும்" என்றார். அவருக்கே வருத்தமாக இருந்தது.

நான்கு வருஷம் எழுதிய நாடகம். தொபுக்கடி அதைத் திரும்பப் பைக்குள் வைத்தாள்.

"ஏற்கெனவே அனுமதி வாங்கின பிரதி இருந்தா போடலாமாங்க?"

"தாராளமா."

"தலைவர் எழுதின ஏற்புரை?"

எழுத்தர் பதிவேட்டைப் புரட்டினார். அதில் கையெழுத்து, முத்திரை, தேதி எல்லாம் கச்சிதமாக இருந்தன. அவர் இந்த முறை பின்னால் திரும்பிப் பார்க்காமலே சிரித்தார்.

சுவரொட்டியில் பிரதி ஆசிரியர் பெயர் கட்டாயம் வர வேண்டும் என்பது விதி. 'எழுதியவர்: பேரவைத் தலைவர். படிப்பவர்: தொபுக்கடி' என்று ஊரெல்லாம் ஒட்டினார்கள். மேடையில் ஒரு மேஜை, ஒரு நாற்காலி, ஒரு டம்ளர் தண்ணீர், பதினொரு பக்கம். முதல் நாள் அறுபது பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். பேரொளி தினமும் வந்தார். குழுவிலிருந்து எடுத்துவிட்டார்களா என்று தொபுக்கடி கேட்டாள். "எடுத்துட்டாங்க. நீ அடுத்த நாடகத்துல எனக்கு ஒரு வேஷம் குடு, அழாத வேஷமா" என்றார் அவர்.

ஆறாம் நாள் தலைவர் வந்தார். முன்வரிசை நடுவில் உட்கார்ந்து, கைகளைக் கட்டிக்கொண்டு முழுக்கக் கேட்டார். அவரைச் சுற்றி நூற்றுப் பத்தொன்பது இருக்கைகளிலும் படிக்கட்டிலும் இருந்தவர்கள் சிரித்துப் புரண்டார்கள். அவர் சிரிக்கவில்லை. உதடு மட்டும் கூடவே அசைந்தது. அவருக்கு உரை மனப்பாடம். முடிந்ததும் நேராக ஒப்பனை அறைக்கு வந்தார். தங்கை கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் எழுந்து நின்றாள். எல்லாம் முடிந்தது, சாவியைக் கேட்கப் போகிறார் என்று தொபுக்கடி நினைத்தாள்.

"ஒன்பதாவது பக்கத்துல ஒரு வரிய விட்டுட்டீங்க" என்றார் தலைவர்.

"தெரியுங்க. வேணும்னுதான் விட்டேன்."

"'மேற்கண்டவை யாவும் எவருடைய வற்புறுத்தலும் இன்றி நான் கூறும் என் சொந்தக் கருத்துகளே.' அந்த வரி."

"அதுக்கு யாரும் சிரிக்க மாட்டாங்கன்னு நினைச்சேங்க. மண்டபத்துல படிச்சப்ப கைதட்டல்ல யாருக்கும் கேக்கல. விட்டா ஓட்டம் நல்லா இருக்கும்னு..."

"இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதினவன் நான். எந்த வரி இருக்கணும்னு எனக்குத் தெரியாதா? அதுதான் இந்த உரைக்கே உயிர். நாளைக்குப் படிங்க. அதுக்கு முன்னாடி கொஞ்சம் நிறுத்துங்க."

சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

தங்கை கதவைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். "படிக்கப் போறியா?"

"எழுதினவர் சொல்றாரே" என்றாள் தொபுக்கடி.

மறுநாள் ஒன்பதாவது பக்கத்தில், தலைவர் சொன்னபடியே கொஞ்சம் நிறுத்தினாள். ஒரு வாய் தண்ணீர் குடித்தாள். டம்ளரை வைத்துவிட்டு, தலைவர் முந்தின நாள் உட்கார்ந்திருந்த நாற்காலியை ஒரு முறை பார்த்துவிட்டு அந்த வரியைப் படித்தாள்.

சிரிப்பு அடங்கட்டும் என்று, பத்தாவது பக்கத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்தாள். மேடை ஓரத்திலிருந்து தங்கை "இரு, இரு, இன்னும் இரு" என்று கையைக் காட்டிக்கொண்டே இருந்தாள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவ்வளவு நேரம் அவள் எந்த மேடையிலும் காத்திருந்ததில்லை. தலைவர் சொன்னது சரி. அந்த வரி இருக்க வேண்டியதுதான்.